எண்ணெய்க்கும் கணக்கு எழுதுவோம்!

தோட்டத்தில் கணக்கு இல்லாத பொருள் எது? பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் செக்குரோலில் கோடு விழுகிறது. பால் நிறுக்கப்படுகிறது. மெட்ரோலக்கை மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு, கட்டிப்பாலுக்குத் தனிக் கணக்கு. உரமூட்டை, மருந்து டின், உளி, மங்கு, வாளி ஆகிய அனைத்துக்கும் ஸ்டோரில் புத்தகம் உண்டு. ஒன்றே ஒன்றுக்குத்தான் புத்தகம் இல்லை. அது, தோட்டத்து வேலைக்காக நமது மோட்டார் சைக்கிளில் நாம் நமது சொந்தக் காசில் ஊற்றும் எண்ணெய்!

தோளில் காண்டாக் கம்பும் இரு பக்கமும் வாளியும் தொங்க நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தப் பாரத்தைப் பல இடங்களில் கப்சாய் மோட்டார் சுமக்கிறது. 1958-ம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சின்ன வண்டியின் வம்சம் இது. 2017-ம் ஆண்டில் அந்த வண்டியின் உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. ஏழை எளியவர்களின் வாகனம் என்று அதற்குப் பெயர். ஆனால் அந்த ஏழை வாகனம் எவ்வளவு குடிக்கிறது என்பதை அறிந்து வைத்திருக்கும் தோழர்கள் நம்மில் எத்தனை பேர்?

"மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றியே சம்பளம் கரைகிறது" என்று நாம் அனைவரும் சொல்கிறோம். நிர்வாகத்தின் முன் போய் இதையே சொன்னால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு?" என்பதுதான். அங்கே நாம் வாயடைத்து நிற்கிறோம். ஒருவர் மாதம் ஐம்பது வெள்ளி என்பார். இன்னொருவர் நூறு என்பார். "வீட்டுச் சாமான் வாங்கப் பட்டணம் போனதும் அதில் சேர்த்தியா?" என்று அடுத்த கேள்வி வரும். அத்துடன் பேச்சு முடிந்தது! கணக்கோடு வந்தால் அது கோரிக்கை. கணக்கு இல்லாமல் வந்தால் அது வெறும் புலம்பல். இதை நாம் நன்றாக உணர வேண்டும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொரு தொழிலாளியும், கிராணியும், மண்டோரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து எண்ணெய்க் கணக்கு எழுத வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நிறுத்த பாலுக்கும் எழுதிய பாலுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வந்தால் அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடும் நமது சகோதரிகளுக்கு இது ஒரு கணக்கே அல்ல.

கணக்கு எடுக்கும் முறை

எண்ணெய் முள்ளை நம்பக் கூடாது. அது மேட்டில் ஒன்று காட்டும், பள்ளத்தில் ஒன்று காட்டும். நம்ப வேண்டியவை இரண்டுதான்: எண்ணெய்ப் பம்பு காட்டும் லிட்டர், வண்டியின் மீட்டர் காட்டும் தூரம்.

முதலில் டாங்கியை நிரப்புங்கள். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டாங்கிக்குள் ஏதாவது ஓர் அடையாளம் வரை ஊற்றுங்கள். விளிம்பு வரை ததும்ப ஊற்ற வேண்டாம். வெயிலில் எண்ணெய் விரிந்து வழியும். அப்போது மீட்டரில் என்ன இருக்கிறதோ அதை எழுதிக் கொள்ளுங்கள். 18,240 என்று வைத்துக் கொள்வோம். பிறகு வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறை அதே அடையாளம் வரை நிரப்பும்போது பம்பு 2.40 லிட்டர் காட்டுகிறது. மீட்டர் 18,336 காட்டுகிறது. ஓடிய தூரம் 96 கிலோமீட்டர். 96-ஐ 2.40-ஆல் வகுத்தால் 40. லிட்டருக்கு 40 கிலோமீட்டர். தீர்ந்தது கணக்கு!

நமது பெரியவர்கள் இன்னமும் மைலும் கேலனும் பேசுவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறோம்: லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 2.825-ஆல் பெருக்கினால் பழைய கேலனுக்கு எத்தனை மைல் என்பது வரும். 40 கிலோமீட்டர் என்பது 113 மைலுக்குச் சமம்.

"நமக்கு ஏது டாங்கி நிரப்பக் காசு? ஐந்து வெள்ளிக்கும் மூன்று வெள்ளிக்கும்தானே ஊற்றுகிறோம்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் அடையாளம் வரை நிரப்பினால் போதும். இடையில் எத்தனை முறை, எத்தனை சிறிய அளவில் ஊற்றினாலும் பாதகமில்லை. ஒவ்வொரு முறையும் லிட்டரை எழுதி வைத்துக் கடைசியில் கூட்டிக் கொள்ளலாம். இன்னும் சொன்னால், பல தடவை ஊற்றிய கணக்கே அதிக நம்பிக்கைக்கு உரியது. அடையாளம் பார்ப்பதில் 0.1 லிட்டர் முன்பின் ஆனது என்று வைத்துக் கொள்வோம். 2.40 லிட்டரில் அந்தப் பிழை விழுந்தால் 40 என்பது 38.4 ஆகலாம், 41.7 ஆகலாம். நாலு தடவை சேர்த்து 9.60 லிட்டரில் அதே பிழை விழுந்தால் 39.6-க்கும் 40.4-க்கும் இடையில் நின்றுவிடும். ஆகையால் ஒரு மாதக் கணக்கு ஒரு வாரக் கணக்கைவிட உறுதியானது.

எழுத வேண்டியது லிட்டரையே அன்றி வெள்ளியை அல்ல. 2021 முதல் பல ஆண்டுகள் 95 எண்ணெய் லிட்டர் 2 வெள்ளி 5 காசுக்கு விற்றது. அப்போது ஐந்து வெள்ளிக்கு 2.44 லிட்டர் கிடைத்தது. 2025 செப்டம்பர் 30 முதல் புடி 95 திட்டத்தில் மலேசியப் பிரஜைகளுக்கு 1 வெள்ளி 99 காசு ஆனபோது அதே ஐந்து வெள்ளிக்கு 2.51 லிட்டர் கிடைத்தது. வெள்ளியை வைத்துக் கணக்குப் போட்டவருக்கு வண்டி திடீரென்று நன்றாக ஓடுவதுபோல் தோன்றியிருக்கும். ஓடியது வண்டி அல்ல, விலை! விலை மாறும், லிட்டர் மாறாது.

மீட்டர் சரியா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நமது கப்சாய்களில் பலவற்றில் மீட்டர்க் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருகிறது. அந்த டயர் தேய்ந்தாலும், சிறிய டயர் மாட்டினாலும் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டும். பெரிய சாலையில் கிலோமீட்டர்க் கற்களைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மீட்டர் 10.4 காட்டினால், இனி மீட்டர் சொல்லும் தூரத்தை 1.04-ஆல் வகுத்துக் கொள்ளுங்கள். மீட்டரே செத்துப் போன வண்டியா? மீட்டர் உள்ள நண்பரின் வண்டியைக் கூடவே ஓட்டி, வீடு முதல் பெரட்டுக் களம், அங்கிருந்து நிரை, நிரையிலிருந்து பால் கொட்டகை என்று ஒரு தடவை அளந்து விடுங்கள். பிறகு எத்தனை நடை என்று எண்ணினால் போதும்.

சாலைக் கணக்கு வேறு, தோட்டக் கணக்கு வேறு

இங்கேதான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வண்டி விற்பவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஜப்பானியக் கம்பெனிகளின் பட்டியலில், மணிக்கு 60 கிலோமீட்டர் என்று ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கும் இருக்கும். தார்ச்சாலையில், பாரமில்லாமல், நிற்காமல் ஓடினால் எந்த வண்டியும் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் நாம் ஓட்டுவது அப்படியா? விடியுமுன் இருட்டில், செம்மண் பாதையில், மழை பெய்த சேற்றில், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும், பின்னால் பால் டின்னைக் கட்டிக்கொண்டு மேடு ஏறுகிறோம். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி கிளம்புகிறோம். சாலையில் 40 ஓடும் வண்டி இங்கே 40 ஓடுமா?

அளந்து பார்த்தால் தெரியும். பம்பு பட்டணத்தில் இருக்கிறதே, தோட்டத்து ஓட்டத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று மலைக்க வேண்டாம். ஓர் உதாரணம் காட்டுகிறோம். முதலில், பாரமில்லாமல் தார்ச்சாலையில் ஓட்டி எடுத்த கணக்கு லிட்டருக்கு 40 என்று வைத்துக் கொள்வோம். பிறகு ஒரு வாரம் வேலைக்கு மட்டும் வண்டியை எடுக்கிறோம். அந்த வாரம் மீட்டர் காட்டிய தூரம் 92 கிலோமீட்டர். ஊற்றிய எண்ணெய் 2.90 லிட்டர். இந்த 92-ல் பம்புக்குப் போய் வந்த சாலைத் தூரம் 20. அதற்கு ஆன எண்ணெய், 20-ஐ 40-ஆல் வகுத்தால், 0.50 லிட்டர். மீதி 72 கிலோமீட்டர் தோட்டத்தில், அதாவது நாளுக்கு 12 வீதம் ஆறு நாள். மீதி எண்ணெய் 2.40 லிட்டர். 72-ஐ 2.40-ஆல் வகுத்தால் 30. சாலையில் 40, தோட்டத்தில் 30!

இந்த வித்தியாசம் காசில் என்ன என்று பார்ப்போம். நாளுக்கு 12 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 312 கிலோமீட்டர். சாலைக் கணக்கின்படி 7.80 லிட்டர்; லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்றால் 15 வெள்ளி 52 காசு. தோட்டக் கணக்கின்படி 10.40 லிட்டர்; 20 வெள்ளி 70 காசு. கடைக்காரர் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு நிர்வாகத்தின் முன் போய் நின்றால் மாதம் ஐந்து வெள்ளிக்கு மேல் நாமே விட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம்.

"மாதம் இருபது வெள்ளிதானே, இதற்கா இத்தனை பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள் அந்த இருபது வெள்ளியைக் கூலி நாளாக மாற்றிப் பார்க்கட்டும். 2025 பிப்ரவரி முதல் தேதியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. மேலே சொன்ன எண்ணெய்ச் செலவு வருஷத்துக்கு 248 வெள்ளிக்கு மேல் ஆகிறது. அது மூன்றே முக்கால் நாள் கூலிக்கும் மேல்! விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரம் வெட்டி, மங்கு துடைத்துச் சம்பாதித்த கூலியில் அத்தனை நாள் கூலி, தோட்டத்துப் பாலைத் தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டு சேர்ப்பதற்கே போகிறது. இது சின்ன விஷயமா?

நம்மோடு தோளுக்குத் தோள் நின்று உழைக்கும் வெளிநாட்டுத் தோழர்களின் நிலைமை இன்னும் மோசம். மலிவு விலை பிரஜைகளுக்கு மட்டுமே. திட்டம் தொடங்கிய நாளில் மற்றவர்களுக்கு லிட்டர் 2 வெள்ளி 60 காசு. அந்த விலையில் அதே 10.40 லிட்டர், மாதம் 27 வெள்ளி 4 காசு ஆகிறது. வருஷத்தில் ஏறக்குறைய ஐந்து நாள் கூலி. பிரஜைகளிலும், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர்களுக்குத்தான் அந்த மலிவு விலை. "தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறோம், லைசென்ஸ் எதற்கு?" என்று இருக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு புறம். ஒவ்வொரு லிட்டரிலும் கைக்காசு நஷ்டம் என்பது மறுபுறம்.

பத்துப் பேர் கணக்கு

ஒருவர் மட்டும் கணக்குக் கொண்டு போனால், "உன் வண்டி ஓட்டை வண்டி" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். பத்துப் பேர் நோட்டுப் புத்தகத்தை மேசை மேல் வைத்தால் அப்படித் தள்ள முடியாது. ஆனால் பத்துக் கணக்கையும் சேர்க்கும்போது ஒரு குழி இருக்கிறது. படித்தவர்களும் அதில் விழுகிறார்கள்.

ராமனும் லட்சுமணனும் ஆளுக்கு 60 கிலோமீட்டர் வேலைக்காக ஓட்டினார்கள் என்று வைத்துக் கொள்வோம். ராமனுக்கு ஆனது 1.50 லிட்டர், லிட்டருக்கு 40. லட்சுமணனுக்கு ஆனது 3 லிட்டர், லிட்டருக்கு 20. சராசரி என்ன? 40-ஐயும் 20-ஐயும் கூட்டிப் பாதியாக்கி, 30 என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. இருவரும் ஓடியது 120 கிலோமீட்டர், ஊற்றியது 4.50 லிட்டர். வகுத்தால் 26.7 தான் வருகிறது. 30 என்று எழுதினால் 120 கிலோமீட்டருக்கு 4 லிட்டர்தான் கிடைக்கும். மீதி அரை லிட்டர் யார் தலையில்? தொழிலாளி தலையில்! ஆகவே முதலில் எல்லோருடைய தூரத்தையும் கூட்ட வேண்டும். எல்லோருடைய லிட்டரையும் கூட்ட வேண்டும். கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும். சராசரிகளுக்குச் சராசரி போடவே கூடாது. இதைக் கவனித்துக் கொள்ள வேண்டியது கிராணிமார்களாகிய நமது கடமை. பேனா பிடித்த கை உளி பிடித்த கைக்கு இந்த உதவியாவது செய்ய வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லி வைக்கிறோம். எந்த வண்டியை முதலில் பழுது பார்ப்பது? லிட்டருக்கு 40 ஓடும் வண்டியை 50 ஆக்குவது பெரிய லாபம்போல் தெரியும். 20 ஓடுவதை 25 ஆக்குவது சிறியதாகத் தெரியும். உண்மை நேர்மாறு. 100 கிலோமீட்டருக்கு 40 ஓடும் வண்டி 2.5 லிட்டர் குடிக்கிறது. 50 ஓடினால் 2 லிட்டர். மிச்சம் அரை லிட்டர். 20 ஓடும் வண்டி 5 லிட்டர் குடிக்கிறது. 25 ஓடினால் 4 லிட்டர். மிச்சம் ஒரு முழு லிட்டர்! இந்தக் கண்கட்டு வித்தையை 2008-ம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த லாரிக், சோல் என்னும் இருவர் 'சயின்ஸ்' என்ற பத்திரிகையில் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே லட்சுமணனின் வண்டிக்குத்தான் முதல் கவனிப்பு.

அதற்குப் பெரிய செலவும் வேண்டியதில்லை. டயரில் காற்று குறைந்திருக்கிறதா? சங்கிலி காய்ந்து இறுகிக் கிடக்கிறதா? பிரேக் விடாமல் உரசுகிறதா? வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். செம்மண் புழுதி காற்று வடிகட்டியை அடைத்திருக்கிறதா? கார்புரேட்டரில் ஒழுக்கு உண்டா? காலையில் வண்டி அருகே எண்ணெய் வாடை அடித்தால் பார்க்காமல் விடக் கூடாது. வண்டிப் புத்தகம் 95 போதும் என்று சொன்னால், விலை கூடிய 97 ஊற்றி அதிக தூரம் ஓடும் என்று எதிர்பார்ப்பதும் வீண். நோட்டுப் புத்தகத்தில் எண் குறைந்த அன்றே பழுது தெரியும். வண்டி நடுக்காட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நேர்மையே நமது பலம்

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று தோட்ட வேலைக்கு ஓடியது. மற்றது சொந்த வேலைக்கு ஓடியது. கோயிலுக்கும் சினிமாவுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போனதைத் தோட்டத்தின் தலையில் எழுத வேண்டாம். ஒரே ஒரு பொய்க் கிலோமீட்டர் அகப்பட்டால் பத்துப் பேரின் மெய்க் கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும். அதேபோல், வேலைக்கு ஓடியதில் ஒரு கிலோமீட்டரையும் கூச்சப்பட்டு விடவும் வேண்டாம்.

"மோட்டார் உங்களுடையது, அது உங்கள் சௌகரியம்" என்று நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து ஒரு வாதம் வரும். வீட்டிலிருந்து பெரட்டுக்கு வருவது நமது சௌகரியம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். பெரட்டிலிருந்து நிரைக்குப் போவதும், நிரையிலிருந்து பாலைச் சுமந்து கொட்டகைக்கு வருவதும் யாருடைய சௌகரியம்? அந்தப் பாலை நிறுத்து விற்பவர் யாரோ அவருடைய வேலை அது. லாரிக்கு எண்ணெய் ஊற்றினால் அது தோட்டச் செலவு. அதே வேலையைச் செய்யும் நமது மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றினால் அது நமது சௌகரியமா? இந்தக் கேள்வியைக் கோபமில்லாமல், பத்து நோட்டுப் புத்தகங்களை முன்னால் வைத்துக் கேட்க வேண்டும்.

டயர், சங்கிலி, இன்ஜின் எண்ணெய், மாதத் தவணை என்று இன்னும் எத்தனையோ செலவு உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. அவற்றைப் பற்றியும் பேச வேண்டிய காலம் வரும். ஆனால் காசுக்குக் காசு அளந்து காட்டக்கூடியது எண்ணெய்தான். முதலில் அதில் கால் ஊன்றுவோம்.

தோழர்களே! வருகிற மாத முதல் தேதியில் டாங்கியை நிரப்புங்கள், மீட்டரை எழுதுங்கள். மாதக் கடைசியில் மறுபடி நிரப்புங்கள், மறுபடி எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கிளைக் கூட்டத்துக்கு வரும்போது புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். கூட்டுவதற்கும் வகுப்பதற்கும் நாம் இருக்கிறோம்.

பாலை நிறுக்கத் தராசு அவர்களிடம் இருக்கிறது. எண்ணெயை நிறுக்கும் தராசு நமது சட்டைப் பையில் இருக்கட்டும்!